வீதிக்கு வந்த நந்தவனம்

நம் சங்கத்தின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் அன்புக் கட்டளையிட்டார்கள். புலவர் ஒருவரைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதற்கு இம்மலரில் தக்கோர் பலர் இருப்பதால், நான் ஒரு தோட்டக்காரரை எடுத்துக்கொண்டேன். பெங்களூர் லால்பாக் பூங்காவில் பணிபுரிந்த அவர் பெயர் குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பிகல். ஹைதர் அலி லால்பாக்கைத் தொடங்கியதும் கண்ணாடி மாளிகை எழுந்ததும் பெங்களூர்த் தமிழர்க்குப் புதிய செய்திகள் அல்ல, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பூங்கா என்றதும் என் மனம் மணிமேகலைக்கே ஓடும். மலர்வனம் புக்க காதையில், மணிமேகலையோடு பூப்பறிக்கப் போகும் சுதமதி புகார் நகரத்துச் சோலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி விலக்குகிறாள். இலவந்திகையில் அரசனின் பரிவாரம் இருக்கும். உய்யானத்தைப் பூதங்கள் காக்கின்றன. சம்பாதி வனமும் கவேர வனமும் தீண்டி வருத்தும் தெய்வத்தின் காவலில் உள்ளவை. மிஞ்சுவது உவவனம் ஒன்றே. இக்காப்பியம் பாடிய சாத்தனாரின் பட்டியலை ஊன்றிப் பாருங்கள். பெருநகர் ஒன்றில் இத்தனை சோலைகள் இருந்தும், பூப்பறிக்க வரும் பெண் அச்சமின்றிப் புகத்தக்கது ஒன்றுதான். அங்கும் இளவரசன் உதயகுமாரன் தேரேறி வந்துவிடுகிறான் என்பது வேறு கதை!

அடுத்து வந்த பக்தி இயக்கம் தோட்ட வேலையையே தொண்டாக்கியது. திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் வைத்தார்கள். திருப்புகலூர் முருக நாயனார் வைகறையில் எழுந்து, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என வகை பிரித்துக் கூடைகளில் சேர்த்ததைச் சேக்கிழார் உவந்து பாடுகிறார். இவர்களுள் நமக்கு இன்னும் நெருக்கமானவர் அனந்தாழ்வான். மைசூர்ச் சீமையில் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் பிறந்தவர் என்பது வைணவ மரபு. திருமலையில் குளிரிலும் காட்டிலும் இருந்து பூக்கைங்கரியம் செய்ய யார் போவீர் என்று உடையவரான இராமானுசர் கேட்டபோது, கூட்டத்தில் எழுந்து நின்றவர் அவர் ஒருவரே. கருவுற்றிருந்த மனைவி மண் சுமக்க, அவர் கடப்பாரையால் ஏரி தோண்டினார். சுமைக்குக் கை கொடுக்கச் சிறுவனாய் வந்த பெருமாளையே அந்தக் கடப்பாரையால் அடித்ததும், அதன் நினைவாகத் திருமலைப் பெருமாளின் திருமோவாயில் இன்றும் பச்சைக்கற்பூரம் சாத்தப்படுவதும் அன்பர்கள் அறிந்தவை.

ஆயினும் நந்தவனத்துப் பூ இறைவனுக்கு. அரண்மனைத் தோட்டத்துப் பூ அரசனுக்கு. வழிப்போக்கனுக்கென்று பூத்த மரங்கள் குறைவு. க்ரும்பிகலின் பெருமை இங்கேதான் தொடங்குகிறது.

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே லோமன் என்ற ஊரில் 1865இல் பிறந்தார். 1888இல் இங்கிலாந்து சென்று லண்டன் ஹைட் பூங்காவிலும் கியூ தாவரவியல் பூங்காவிலும் தொழில் கற்றார். 1893இல் பரோடா மன்னர் சயாஜிராவ் அவரைத் தம் தோட்டங்களுக்கு அழைத்துக்கொண்டார். லால்பாக்கை வளர்த்த ஜான் கேமரனுக்குப் பின், 1908இல் மைசூர் சமஸ்தானம் அவரை இங்கே கொண்டுவந்தது. 1932இல் ஓய்வு பெறும் வரை இந்நகரின் பசுமை அவர் பொறுப்பில் இருந்தது. 1912இல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியதிலும், கண்ணம்பாடி அணையடியில் திவான் மிர்சா இஸ்மாயில் கண்ட பிருந்தாவனத்திலும் அவருக்குப் பங்குண்டு. அந்நிய நாட்டு விதைகளை வரவழைத்து, இந்த மண்ணில் பிழைப்பவை எவை என்று லால்பாக்கில் வளர்த்துப் பார்த்த பிறகே பரப்பினார்.

அவருடைய தனி முத்திரை தொடர் மலர்ச்சி. ஒரு மரம் பூத்து ஓயும்போது வேறொன்று பூக்கத் தொடங்க வேண்டும். ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதேனும் ஒரு வீதி பூத்திருக்க வேண்டும். இதற்கு மரத்தின் அழகு மட்டும் தெரிந்தால் போதாது. எது இலையுதிர்த்துப் பூக்கும், எது கோடை மழைக்குக் காத்திருக்கும், எதன் நிழல் எவ்வளவு விரியும், எதன் வேர் எவ்வளவு ஓடும் என்பதெல்லாம் கணக்கில் வர வேண்டும். மாசி, பங்குனியில் ஜகரண்டா ஊதாவாய் உதிரும். சித்திரையில் சரக்கொன்றை பொன்னாய்த் தொங்கும். அதை ஒட்டியே குல்மோகர் சிவக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மரமல்லி இரவில் பூத்து, விடியலில் நடைபாதையை வெள்ளையாக்கும். இது வீதிகளில் எழுதிய பஞ்சாங்கம்! இன்று படம்பிடித்துப் பகிரப்படும் இளஞ்சிவப்பு டபேபுயா சாலைகளில் பெரும்பாலானவை 1980களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் காலத்து நடவு. அதையும் க்ரும்பிகல் கணக்கில் எழுதுவோர் உண்டு, அது நியாயமன்று.

இன்னொரு கணக்கும் தீர்க்கப்பட வேண்டும். வரைபடம் ஜெர்மானியருடையது, குழி வெட்டி, எரு இட்டு, நாற்றுக்கு நீர் சுமந்த கைகள் பெரும்பாலும் திகளர் கைகள். தமிழகத்திலிருந்து வந்து இங்கே தலைமுறை தலைமுறையாகத் தோட்டத் தொழில் செய்த மக்கள் அவர்கள். சித்திரைப் பௌர்ணமியில் தர்மராயர் கோவிலிலிருந்து திரௌபதியம்மன் கரகத்தை மல்லிகைப் பந்தலோடு தலையில் சுமந்து நகரை வலம் வருகிறவர்களும் அவர்களே. கரகத்தைக் கையெடுத்துக் கும்பிடும் நாம், லால்பாக்கில் அவர்கள் பெயரைச் சொல்வதில்லை. இது நமக்கு அழகில்லை.

உலகப்போர் வந்தபோது, ஜெர்மானியர் என்பதால் ஆங்கில அரசு க்ரும்பிகலைக் காவலில் வைத்தது. அதற்குப் பிறகும் அவர் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. 1956இல் இங்கேயே காலமானார். ஓசூர் சாலைக் கல்லறையில் அடக்கமானார். லால்பாக்கில் அவர் பெயர் தாங்கிய பழைய மண்டபம் 2017இல் இடிந்து விழுந்தது.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவுக்கு வாழை மரம் கட்டுகிறோம், பூமாலைக்குச் செலவிடுகிறோம். இவ்வாண்டு அந்தச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, மாநகராட்சி அனுமதியோடு நம் தெருக்களில் மரமல்லியும் சரக்கொன்றையும் நடுவோம். நட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், இரண்டு கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் அன்றே எழுதிக்கொள்வோம். முதல் கன்றுக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன்.