சலவைத்தூள் விளம்பரங்களில் மகளிர்

விளம்பரம் ஒரு பொருளை விற்பதோடு அமைவதில்லை. அப்பொருளைக் கையாள வேண்டியவர் யார் என்பதனையும் உடன் வரையறுத்து விடுகின்றது. இந்தியச் சலவைத்தூள் விளம்பரங்களின் வரலாறு கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

1959இல் சர்ஃப் என்னும் சலவைத்தூள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் தொடங்கிய நிர்மா, மிகக் குறைந்த விலையால் எளிய குடும்பங்களையும் எட்டியது. இப்போட்டியை எதிர்கொள்ளும் பொருட்டு, லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தின் அலீக் பதம்சீ 1980களில் படைத்த பாத்திரமே லலிதாஜி. காய்கறி வாங்குகையில் பேரம் பேசும் இவ்வம்மையார், மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு எனத் தெளிவுறுத்துவார். அரைக் கிலோ சர்ஃப் ஒரு கிலோ மலிவுத் தூளுக்கு ஈடாகும் எனக் கணக்கும் காட்டுவார்.

மகளிரின் அறிவைப் போற்றியமையால் இவ்விளம்பரம் அவர்களை உயர்த்தியது எனலாம். அஃது ஒருபுடை உண்மையே. ஆயினும் அவ்வறிவுக்கு வகுக்கப்பட்ட எல்லை யாது? எத்தூளை வாங்குவது என்பதை லலிதாஜி முடிவு செய்கின்றார். துவைப்பவர் யார் என்னும் வினாவோ எழவே இல்லை. துவைத்தல் என்னும் வினைக்குப் பெண்ணே எழுவாய் என்பது சொல்லாமலே கொள்ளப்பட்டது. இழிவுரையினும் இத்தகைய புகழுரையே அவ்வழக்கை வலிதாக நிலைநிறுத்தியது என்பது எம் கருத்து.

லலிதாஜியாக நடித்த கவிதா சௌத்ரியின் பிறிதொரு பணி இவ்வெல்லையைப் புலப்படுத்தும். 1989இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘உடான்’ தொடரை அவரே எழுதி இயக்கி, அதில் காவல்துறை அதிகாரியாகவும் நடித்தார். பின்னர் 2004இல் இந்தியாவின் முதற் பெண் காவல்துறைத் தலைமை இயக்குநரான, தம் தமக்கை காஞ்சன் சௌத்ரி பட்டாசார்யாவின் வாழ்வே அக்கதைக்கு அடிப்படை. ஒரே நடிகையின் முகம் தொடரில் நாட்டுப் பணியையும், விளம்பரத்தில் வீட்டுப் பணியையும் சுட்டி நின்றது.

சலவை மகளிர்க்கு மட்டுமே உரிய பணியா என்னும் வினாவை 2015இல் ஏரியல் விளம்பரம் வெளிப்படையாக எழுப்பியது. 2016இல் வந்த அதன் தொடர்ச்சியில், அலுவலகத்திலிருந்து திரும்பியதும் வீட்டு வேலை முழுவதையும் தனியே சுமக்கும் மகளிடம், தாம் நல்ல முன்மாதிரியாக நடந்திலேன் என்று தந்தை மடல்வழி மன்னிப்புக் கேட்கின்றார். எழுவாய் மாறத் தொடங்கியதை இங்குக் காண்கின்றோம்.

எனினும், விளம்பரத்தின் மாற்றத்தை வாழ்வின் மாற்றமாகக் கொள்ளுதல் பிழையாகும். 2019இல் நடுவணரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபட்ட பெண்டிர் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களும், ஆடவர் 97 நிமிடங்களும் செலவிட்டனர். ஆகலின், சமூக வரலாறு எழுதுவோர் விளம்பரத்தைக் கணக்கெடுப்போடு ஒப்புநோக்கியே முடிவு காணல் வேண்டும்.