உறைநிலையும் தொண்டர் உழைப்பும்

கூலி பெற்று உழைப்பவனை இன்ன வேலையைச் செய்க என ஏவலாம். விருப்பத்தால் உழைப்பவனை அவ்வாறு ஏவுதல் இயலாது. அவன் தான் விரும்பும் பணியைத் தனக்கு வாய்த்த பொழுதிற் செய்வான். விருப்பம் நீங்கின் விலகிச் செல்வான். இத்தகையோர் பலர் கூடிப் பெரும்பணி ஒன்றை உரிய காலத்தில் நிறைவேற்றுதல் யாங்ஙனம்? திறந்த மூல மென்பொருள் வரலாற்றில், சிறப்பாக டெபியன் என்னும் பணிசெயல் முறைமையின் வரலாற்றில், இவ்வினாவிற்குத் தக்க விடை உண்டு.

டெபியன் முயற்சியை 1993 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16 ஆந் திகதி அமெரிக்க மாணவரான இயன் மேடொக் தொடங்கினார். லினக்ஸ் கருவோடு ஏனை மென்பொருட் பொதிகளையும் ஒருங்கு சேர்த்து, யாவரும் பெற்றுப் பயன்படுத்தவும் திருத்தவும் தக்கவாறு வழங்குதல் அதன் நோக்கமாகும். ஒவ்வொரு பொதிக்கும் தொண்டர் ஒருவரோ சிறு குழுவினரோ பொறுப்பேற்றனர். ஆண்டுதோறும் தெரிவு செய்யப்படும் தலைவர் ஒருவர் உளர். ஆயினும் 1998 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட டெபியன் யாப்பு, எவரும் பணி செய்யக் கடமைப்பட்டவரல்லர் என வெளிப்படையாகவே கூறுகின்றது. ஏவலின்றி இயங்கும் இவ்வமைப்பிற்கு வாய்த்த கருவிகளுள் முதன்மையானது உறைநிலை எனலாம்.

உறைநிலையாவது, வெளியீட்டிற்கு முன்னர்ப் புதியன புகுத்துதலை நிறுத்தி, வழுக்களைத் திருத்துதற்கு மட்டும் இடமளித்தலாம். இதனால் விளையும் நன்மை தெளிவானது. சிதறிக் கிடந்த கவனம் ஒருமுகப்படும். தொண்டர்கள் வார இறுதிகளிற் கூடி வழுக்களைக் களைவர். ஒருவர் பொறுப்பிலுள்ள பொதியை மற்றொருவர் திருத்தவும் முன்வருவர். ஆயின் இதற்கொரு விலையும் உண்டு. புதியன படைத்தலே பலரைப் பணிக்கு ஈர்க்கின்றது. அது தடைப்படும்போது, தம் பொதியில் வழு இல்லாதவர் பிறர் பொதியைத் திருத்தப் புகுவர் என்பதற்கு உறுதியில்லை, வாளாவிருத்தலுங் கூடும். உறைநிலை நீளுந்தோறும் இவ்விலையும் ஏறும்.

தொடக்ககால வெளியீடுகளில் முறைமை முழுவதும் ஒருங்கே உறைந்தது. அதன் பின்னரே வழுக்கள் பல வெளிப்பட்டன. இக்குறையை நீக்கும் பொருட்டு 2000 ஆம் ஆண்டு டிசெம்பரிற் சோதனைப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. சில நாள் கழிந்தும் புதிய பெருவழு காணப்படாத பொதிகளே அதனுட் புகுந்தன. எனினும் தாமதம் ஒழிந்திலது. 2002 யூலையில் 3.0 பதிப்பு வெளிவந்தது, 3.1 பதிப்போ 2005 யூன் 6 இலேயே வெளிவந்தது. அடிப்படைப் பொதிகள் 2004 இலேயே உறைந்துவிட்டன. முழு உறைநிலை 2005 மே மாதத்திலேயே வந்தது. முடிவு நாள் அறியாக் காத்திருப்பு அது. அவ்விடைவெளியில், 2004 ஒக்டோபரில், டெபியனை அடியாகக் கொண்டும் ஆறு மாதத்திற்கொரு வெளியீடு என்னும் உறுதியோடும் உபுண்டு தோன்றியது. டெபியன் தொண்டர் சிலர் அங்கு ஊதியம் பெறும் பணியாளராயினர்.

2006 ஆம் ஆண்டிற் பிறிதொரு வழி நாடப்பட்டது. 4.0 பதிப்பை அவ்வாண்டு டிசெம்பர் 4 இல் வெளியிடும் நோக்குடன், வெளியீட்டு முகாமையாளர் இருவர் முழுநேரமும் உழைத்தற்குப் பணம் வழங்க முற்பட்டது டங்க் ராங்க் என்னும் முயற்சி. பலர் விருப்பத்தாற் செய்யும் பணிக்கு இருவர் மட்டும் ஊதியம் பெறுதல் முறையோ என்ற வினா எழுந்தது. தம் ஊக்கம் குன்றியதெனத் தொண்டருள் ஒரு பகுதியினர் வெளிப்படையாக அறிவித்தனர். பதிப்பு வெளிவந்ததோ 2007 ஏப்பிரில் 8 இலாம். தாமதத்திற்குக் காரணம் பலவாயினும், சிலரது காலத்தைப் பணத்தாற் பெறுதல் ஏனையோர் விருப்பத்தைக் காத்தற்குப் போதாது என்பது புலனாயிற்று.

அதே 2007 இற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், முன்னர் டெபியன் தலைவராயிருந்த மாட்டின் மிக்கில்மயர் இப்பொருள் பற்றிய ஆய்வேட்டை நிறைவு செய்தார். அம்சங்கள் முற்றுப்பெறும்வரை காத்திராது, நாட்குறித்து வெளியிடும் முறை தொண்டர் முயற்சிகளுக்கு ஏற்றதென்பது அவர் கருத்தாகும். லினக்ஸ் கருவின் வரலாறும் இதற்குச் சான்றாகும். 2001 சனவரியில் வந்த 2.4 வரிசைக்கும் 2003 டிசெம்பரில் வந்த 2.6 வரிசைக்கும் இடையே ஏறக்குறைய மூன்றாண்டு கழிந்தது. 2005 முதல் இரு வாரம் புதியன ஏற்றலும், பின்னர்ச் சில வாரம் திருத்தலும் என்னும் ஒழுங்கு நிலைபெற்றது. இம்முறை தவறியது அடுத்த முறை சேருமாதலின், அரைகுறையானதை விரைந்து புகுத்தும் ஆவல் தணிந்தது.

டெபியன் இப்பாடத்தை ஒரேயடியாகக் கற்றிலது. 2009 யூலையில், அவ்வாண்டு டிசெம்பரே உறைநிலைக் காலமென அறிவிக்கப்பட்டது. போதிய கலந்துரையாடலின்றி முடிவெடுக்கப்பட்டதெனத் தொண்டர் எதிர்த்தமையால் அம்முடிவு கைவிடப்பட்டது. நாட்குறித்தல் நன்றேயாயினும், அதுவும் இசைவின்றிச் செல்லாது என்பது இதனாற் பெறப்படும். 2012 யூன் இறுதியில் தொடங்கிய உறைநிலை 2013 மே வரை பத்து மாதம் நீடித்தது. இதன் பின்னரே, 2014 நவம்பர் 5 இல் உறைநிலை தொடங்கும் என ஓராண்டுக்கு முன்னரே, 2013 ஒக்டோபரில், அறிவிக்கப்பட்டது. அப்பதிப்பு 2015 ஏப்பிரில் 25 இல், ஆறு மாதத்துள், வெளிவந்தது. அடுத்த பதிப்பில் உறைநிலை படிப்படியாக இறுகியது: 2016 நவம்பரிற் பெருமாற்றங்களும், 2017 சனவரியிற் புதிய பொதிகளும் நிறுத்தப்பட்டன, பெப்ரவரியில் முழு உறைநிலை வந்தது. பதிப்பு யூன் 17 இல் வெளியாயிற்று. புதியன செய்ய விரும்புவோர்க்குப் பரிசோதனைப் பிரிவு திறந்தேயிருந்தது.

உறைநிலை தன்னளவிற் பகையுமன்று, நட்புமன்று. எப்போது தொடங்கும், ஏறக்குறைய எப்போது முடியும் என்று முன்னறிந்த தொண்டன், தன் ஓய்வுப்பொழுதை அதற்கேற்ப வகுத்துக்கொள்கின்றான். அறியாதவன் காத்திருந்து சலித்து நீங்குகின்றான். ஏவல் செல்லாத இடத்தில் முன்கூட்டி உரைத்த நாளே ஆட்சி செய்கின்றது. அந்நாளைக் கலந்து குறித்தலும், குறித்தவாறு காத்தலும், தொண்டன் ஈந்த காலத்திற்குச் செய்யும் மதிப்பாகும்.