ஐயாயிரம் என்றொரு பெயர்

பெயர்களைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று பகுப்பது நம் இலக்கண மரபு. காரணப்பெயராய்ப் பிறந்து இடுகுறியாய்த் தேய்ந்த ஒன்றை அமெரிக்கப் பங்குச்சந்தை வரலாற்றில் காணலாம். அது வில்ஷயர் 5000.

செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் சென்ற மாரினர் விண்கலங்களின் பாதையைக் கணித்த பொறியாளர் டென்னிஸ் டிட்டோ. 2001இல் சொந்தச் செலவில் விண்வெளிக்குப் போய் வந்தவரும் அவரே. அவர் நிறுவிய வில்ஷயர் நிறுவனம் 1974இல் இக்குறியீட்டை உருவாக்கியது. டௌ ஜோன்ஸ் தொழில் சராசரி முப்பது நிறுவனங்களையும் எஸ் அண்டு பி ஐந்நூறையும் அளந்தன. இதுவோ விலை விவரம் கிடைக்கும் அமெரிக்கப் பங்குகள் அனைத்தையும் அளக்க முனைந்தது. அன்று அவை ஏறத்தாழ ஐயாயிரம், ஆகவே அப்பெயர். சந்தை மதிப்பு எவ்வளவோ அவ்வளவே இதில் ஒரு நிறுவனத்தின் எடை.

1998 ஜூலையில் எண்ணிக்கை 7,562ஐத் தொட்டது. பின்னர் நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்தன, சில திவாலாயின, சில தனியார் முதலீட்டாளர் கைக்குப் போய்ப் பட்டியலிலிருந்து நீங்கின. இன்று அவை நான்காயிரத்துக்கும் குறைவு. குறியீட்டின் மதிப்போ பன்மடங்கு உயர்ந்துவிட்டது.

சந்தை முழுவதையும் வாங்கிவிட்டதாக நம்பி இத்தகைய குறியீட்டு நிதியில் ஓய்வுக்காலச் சேமிப்பை இடுபவருக்குப் பட்டியலில் எஞ்சியவையே கிடைக்கின்றன. பட்டியலுக்கு வராமலே பெருகும் நிறுவனங்களின் வளர்ச்சியில் அவருக்குப் பங்கில்லை. குறியீடு உயர்ந்தது என்ற செய்தியைப் படிக்கையில், எத்தனை நிறுவனங்களின் குறியீடு என்றும் நாம் கேட்கவேண்டியிருக்கிறது.