சார்பு, எல்லை, வரைபு: கொழும்பில் தமிழ்வழிப் பாடம்

க.பொ.த. உயர்தர இணைந்த கணிதத்தில் நுண்கணிதத்துக்கு முன்வாசலாக அமைந்தது சார்பு, எல்லை, வரைபு என்ற பாடப்பகுதி. ஆட்சியிலுள்ள ஒவ்வொரு மூலகத்துக்கும் ஒரேயொரு விம்பத்தைத் தரும் தொடர்பு சார்பு எனப்படும். மாறி ஒரு பெறுமானத்தை நெருங்கும்போது சார்பு எதை நெருங்குகிறது என்பதே எல்லை. இவ்விரண்டையும் கண்ணுக்குக் காட்டுவது வரைபு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதி மாணவர்கள் இப்பகுதியைப் பாடசாலையில் ஒருமுறையும் ரியூஷனில் இன்னொரு முறையுமாகப் படிப்பது வழக்கம்.

இலங்கைத் தமிழில் அட்சரகணிதம் அச்சேறியது கொழும்பில் அன்று, வடக்கில். அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கி 1855வரை நடத்திய வட்டுக்கோட்டை செமினரி இதற்கு நிலைக்களம். பாரிசில் கணிதவியலாளர் கோஷி எல்லை என்ற கருத்தை நுண்கணிதத்துக்கு அடித்தளமாக்கி 1821இல் நூல் வெளியிட்டு, செமினரி தொடங்கியபோது இரண்டு ஆண்டே ஆகியிருந்தது. செமினரியில் பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதம் என்ற அட்சரகணித நூலை வெளியிட்டார். பின்னர் சி. வை. தாமோதரம்பிள்ளையுடன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளில் ஒருவரானார்.

கொழும்பில் நெடுங்காலம் கணிதம் ஆங்கிலத்திலேயே நடந்தது. 1921இல் திறக்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் வெளிவாரிப் பட்டத்துக்கு மாணவரை ஆயத்தம் செய்தது. அதன் முதற் கணிதப் பேராசிரியர் உரும்பிராயைச் சேர்ந்த செ. சுந்தரலிங்கம். அவரது பிற்கால அரசியல் வாழ்க்கை அவருடைய வகுப்பறைப் பணியை மறைத்துவிட்டது என்றே சொல்லவேண்டும். கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கின் மாணவராக இருந்த சி. ஜே. எலியேசர் 1949 முதல் 1959வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார்.

பாடத்தைத் தமிழில் நடத்துவதற்குக் கலைச்சொற்கள் வேண்டியிருந்தன. லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியான சுவாமி விபுலாநந்தர் 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதன் சொற்றொகுதி 1938இல் வெளிவந்தது. இலங்கையில் அப்பணியை 1950களின் நடுப்பகுதியிலிருந்து அரசகரும மொழித் திணைக்களமும், பின்னர் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் முன்னெடுத்தன. ஆட்சி, வீச்சு, பெறுதி, வளையி, ஆரையன் முதலிய சொற்கள் அவ்வழியே பாடநூல்களில் நிலைபெற்றன. தமிழகப் பாடநூல்கள் இவற்றுட் சிலவற்றுக்கு வேறு சொல் ஆள்வதால், சென்னைப் புத்தகத்தைக் கையிலெடுக்கும் கொழும்பு மாணவர் முதல் சில பக்கங்களில் தடுமாறுவர்.

சுயமொழிக் கல்வி 1960களில் உயர்தர விஞ்ஞான வகுப்புகளை எட்டியது. பல்கலைக்கழகப் பொறியியற் கல்வியோ ஆங்கிலத்திலேயே தொடர்ந்தது. ஆகவே எல்லையைத் தமிழில் எழுதிச் சித்தியடைந்த மாணவர் அதே எல்லையை முதலாண்டு விரிவுரையில் ஆங்கிலத்தில் மீண்டும் சந்தித்தார். பொறியியலை நாடுவோருக்குத் தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என நான்கு பாடங்கள்; மொத்தம் 400 புள்ளிகளில் 200 கணிதத்துக்கே. இந்த 200தான் அக்காலக் குடும்பங்களின் கவலையும் நம்பிக்கையுமாக இருந்தது. அரச வேலை, மிஷன் பாடசாலைகளின் மரபு, வடக்கின் வரண்ட நிலம் எனத் தமிழ் மாணவர் கணிதத்தை நாடியதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர் ஒருமித்ததில்லை.

1970இல் பொறியியற் பீட அனுமதிக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 எனக் குறைந்தபட்சப் புள்ளிகள் வெவ்வேறாக அமைந்தன. தமிழ் விடைத்தாள்களுக்குத் தாராளமாகப் புள்ளியிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு முன்வைக்கப்பட்டது. அது நிறுவப்பட்டதாகத் தெரியவில்லை. 1973இல் மொழிமூலவாரியாகப் புள்ளிகளைச் சீர்செய்யும் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. பின்தங்கிய மாவட்டங்களுக்கு இது நீதி என்றும், இனப்பாகுபாடு என்றும் இரு வாதங்கள் இன்றுவரை நிற்கின்றன. கொழும்புத் தமிழ் மாணவர் நிலை இதில் தனியானது: மொழியால் ஒரு தட்டிலும், போட்டி மிகுந்த மாவட்டத்தால் இன்னொரு தட்டிலும் அவர் நிறுக்கப்பட்டார்.

1970களின் நடுப்பகுதியில் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் பதிலாகப் புதிய பரீட்சைகள் சிறிதுகாலம் நடந்து மறைந்தன. தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறை வெள்ளவத்தை வகுப்புகளையும் கலைத்தது. ஆசிரியர் பலர் நாடு நீங்கினர். 1990களில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் வந்தபின் காலி வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் ரியூஷன் வகுப்புகள் பெருகின. 2000ஆம் ஆண்டளவில் உயர்தரப் பாடங்கள் மூன்றாகக் குறைந்து, இரு கணிதங்களும் இணைந்த கணிதமாயின. பழைய தலைமுறை இதை இன்னமும் பாதிக் கணிதம் என்று குறைசொல்வதுண்டு.

இன்றைய பரீட்சையில் மூன்று மணித்தியாலப் பத்திரம் இரண்டு. ஒவ்வொன்றிலும் முதற் பகுதியின் 10 வினாக்களுக்கும் கட்டாயம் விடையளிக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் ஏழில் ஐந்தைத் தெரிவுசெய்யலாம். முதற் பத்திரத்தில் எல்லை வினா பெரும்பாலும் சைன் எக்ஸை எக்ஸால் வகுக்கும் முடிவில் தங்கும். எக்ஸ் பூச்சியத்தை அணுகும்போது விடை 1. ஆரைச்சிறை ஒன்றை இரு முக்கோணிகளின் பரப்பளவுகளுக்கிடையே நெருக்கி இதை நிறுவுவர். கோணம் ஆரையனில் இருந்தால் மட்டுமே இது சரி. பாகையில் அளந்தால் எல்லை ஏறக்குறைய 0.01745 ஆகிவிடும்.

வரைபு வினா இதைவிட விரிவானது. கணிப்பானுக்கு அனுமதியில்லை; 'பரும்படியாக வரைக' என்ற கட்டளை மட்டுமே இருக்கும். எக்ஸை, எக்ஸ் சய ஒன்றின் வர்க்கத்தால் வகுத்த சார்பை எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ் 1இல் நிலைக்குத்து அணுகுகோடு. அதன் இருபுறமும் வளையி மேல்நோக்கியே ஏறும். எக்ஸ் அச்சு கிடை அணுகுகோடு. பெறுதியின் குறியை அட்டவணையிட்டால் எக்ஸ் சய ஒன்றாகும் இடத்தில் இழிவுப் புள்ளி கிடைக்கும். அங்கு சார்பின் பெறுமானம் சய கால். இங்கேதான் பலர் சறுக்குவர். அணுகுகோட்டை வளையி தொடவே கூடாது என்று மனப்பாடம் செய்தவர், இவ்வளையி உற்பத்தியில் தன் கிடை அணுகுகோட்டையே வெட்டிச் செல்வதைக் கண்டு, சரியான படத்தை அழித்துவிட்டுப் பிழையானதை வரைவார். கிடை அணுகுகோடு பேசுவது தூரத்து நடத்தையை மட்டுமே. அட்டவணையும் எல்லையும் படமும் ஒன்றையொன்று சரிபார்க்கும் இவ்வினா முழுப் பத்திரத்திலும் அழகானது.

வகுப்புகளில் வழங்கும் அச்சிட்ட 'ரியூட்' தாள்களும் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளுமே இன்று நடைமுறைப் பாடநூல். மகரகமை தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டிகளை வெளியிடுகிறது. 2017இல் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்து, அதன் முதற் பரீட்சை 2019இல் நடந்தது. கொவிட் காலத்தில் வகுப்புகள் சூம் வழியே நடந்தன.

அரசாங்கப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்க 2001இல் அனுமதி வழங்கப்பட்டது. இணைந்த கணித வினாத்தாள் இப்போது சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அச்சிடப்படுகிறது.