குடக்கூலியும் கொடியேற்றமும்

வீடு தேடிப் புறப்படுகின்றவர்கள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும், "குடக்கூலி எவ்வளவு?" என்பதுதான். தண்ணீர் உண்டா, காற்று வருமா என்பன அதற்குப் பின்னர் வரும். ஆனால், சிறுவனாக என் தந்தையாரின் கையைப் பற்றிக்கொண்டு இராயபுரத்துத் தெருக்களில் நான் வீடு பார்த்து நடந்த நாளில், அவர் தரகரிடம் முதலிற் கேட்டது வேறு. "மனை யாருடையது?" என்று கேட்பார். வீட்டுக்கு உடையவர் ஒருவர் இருக்க, அவ்வீடு நிற்கும் மண்ணுக்கு உடையவர் வேறொருவர் இருப்பார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. எழுபது வயதைக் கடந்துவிட்ட இன்று, வடசென்னையின் வரலாற்றில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கிக் கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு. கப்பல்கள் கரைக்கு எட்ட நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கையும் ஆளையும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்த்தவர்கள் மசூலாப் படகோட்டிகள். பலகைகளை ஆணியால் அறையாமல் கயிற்றால் தைத்து அமைத்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், எளிதில் உடையாது. கவர்னரே வந்திறங்கினாலும் இவர்கள் தயவில்தான் இறங்க வேண்டும். ஒரு பெரு வாணிகமே இவர்கள் துடுப்பில் நடந்தது. இவர்கள் குடியிருந்த மண் மட்டும் இவர்கள் கையில் நிலைக்கவில்லை. கோட்டையை அடுத்த கடற்கரையிலிருந்து இம்மக்களைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினியார் வடக்கே பெயர்த்துக் குடியேற்றினர். பெயர்ந்து வந்த இடத்தில், தம் உழைப்பில் சேர்ந்த பணத்தைக்கொண்டு, 1829-ஆம் ஆண்டில் அர்ச். இராயப்பருக்கு இவர்கள் கோயில் எழுப்பினார்கள். பேதுரு என்னும் அப்போஸ்தலரைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர். அவரும் மீனவர், படகோட்டியவர் ஆதலால், இவர்களுக்கு உறவினர் போன்றவர். அப்பெயரே இராயபுரம் என ஊருக்கும் ஆயிற்று என்பர். குடிபெயர்த்தவர் பெயர் ஊருக்கு வரவில்லை. பெயர்க்கப்பட்டவர்கள் வணங்கியவர் பெயர் வந்தது.

சற்று வடக்கே சென்றால் குடியேற்றியவர் பெயரே நிலைத்த ஊர் ஒன்றையும் காணலாம். திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்னும் ஐந்து சிற்றூர்களை 1708-இல் நவாபு தாவூத்கான் கும்பினியாருக்கு அளித்தார். சில ஆண்டுகளுக்குப் பின், 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் திருவொற்றியூர்ப் பக்கத்தில் நெசவாளர்க்கென ஒரு பேட்டை அமைத்தார். காலெட்டுப்பேட்டை நம்மவர் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. இறைவன் திருவடிக்கும் அப்பெயருக்கும் உறவு கற்பிக்கும் அன்பர்களும் உண்டு. அவர்கள் மகிழ்ச்சியை நான் கெடுப்பதில்லை. அப்பேட்டையில் கல்யாண வரதராசப் பெருமாளுக்குக் கோயிலும் எழுந்தது. நாள்தோறும் காஞ்சி வரதரைத் தொழச் சென்றுவந்த கும்பினி ஊழியர் ஒருவர் பொருட்டு அக்கோயில் அமைந்தது என்று தலக்கதை சொல்லும். கதை எப்படியாயினும், கணக்கறிந்த அந்த வணிகர்கள் ஒன்றை உணர்ந்திருந்தார்கள். தறி போட இடமும் தலைக்குமேல் கூரையும் கொடுத்தால் நெசவாளன் வருவான். கோயிலும் தெருவும் திருநாளும் இருந்தால்தான் தங்குவான். 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தபோதும் இதே கணக்கைத்தான் போட்டார்கள்.

மண்ணுக்கு உரிமை கொண்டாட மற்றொருவரும் உண்டு. அவர் கடலரசர். 1875-ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், புயலொன்று அதனைக் குலைத்துப் போட்டது, மீண்டும் கட்டினார்கள். நம் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஆண்டுதோறும் மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. கடலுக்குள் நீட்டிய கற்சுவர் அதனைத் தடுத்துவிட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே மணலின் வரவு நின்றது. அலையின் செலவு மட்டும் நிற்கவில்லை. இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையில் கரை கரைந்தது. குடியிருப்புகளும் பாதைகளும் நீருக்குள் போயின. பிற்காலத்தில் கருங்கற்களைக் கொட்டி அரண் செய்ய வேண்டியதாயிற்று. மாலையில் மெரினா மணலில் அமர்ந்து காற்று வாங்கும் அன்பர்கள், தாம் அமர்ந்திருக்கும் மணலில் ஒரு பிடி வடக்கே யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்குச் சேர வேண்டியது என்பதை நினைத்துக்கொள்வது நல்லது. துறைமுகம் வந்த பின் மசூலாப் படகுக்கு வேலையும் குறைந்தது. படகோட்டிகளின் பிழைப்பை எடுத்துக்கொண்ட அதே கற்சுவர், அவர்கள் வழியினர் குடியிருந்த கரையையும் எடுத்துக்கொண்டது.

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தென்னாட்டின் முதற் புகைவண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. இரயிலும் துறைமுகமும் ஆட்களை அழைத்தன. வந்தவர்களுக்கு வீடு இல்லை. அங்கேதான் ஒண்டுக்குடித்தனம் பிறந்தது.

நான் பிறந்து வளர்ந்ததும் அத்தகைய ஒரு வீட்டில்தான். தெருவில் ஒரு வாசல். உள்ளே நீண்ட நடை. அதன் இருபுறமும் ஆறு குடும்பங்கள். எல்லார்க்கும் சேர்த்து ஒரு குழாய். என் தந்தையார் துறைமுகத்தில் எழுத்தர். ஒரு குடித்தனத்தார் வறுக்கும் மிளகாய்க்கு ஆறு குடித்தனத்தாரும் தும்முவோம். வீட்டுக்காரர் கண்டிப்பானவர்; ஐந்தாம் தேதி விடியற்காலையில் நடையில் அவர் செருப்பொலி கேட்கும். ஆயினும் அவரிடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஜூன் மாதத்தில் இராயப்பர் கோயிலில் கொடி ஏறிவிட்டால், அக்கொடி இறங்கும்வரை குடக்கூலி கேட்க மாட்டார். அவர் கிறிஸ்தவர் அல்லர். மாசியில் திருவொற்றியூரில் கொடி ஏறினாலும் அப்படியே. "கொடி ஏறியிருக்கையில் ஒரு குடும்பத்தின் சாமான்களை வீதியில் வைத்தால், தெரு என்னை எப்படிப் பார்க்கும்?" என்று அவரே என் தந்தையாரிடம் சொன்னாராம். எங்கள் எதிர்வீட்டில் வேலையிழந்த ஒருவர் அந்தப் பத்து நாள் தவணையில் கடன் வாங்கித் தம் குடித்தனத்தைக் காப்பாற்றிக்கொண்டதை நான் அறிவேன்.

சட்டத்தின் காவல் இல்லாமலில்லை. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு வீசியபோது சென்னை காலியாயிற்று. துறைமுகத்தை ஒட்டிய வீடுகளை வந்த விலைக்கு விற்றுவிட்டு ஓடியவர்களைப் பற்றி என் தந்தையார் கதை கதையாகச் சொல்வார். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தபோதும் இவ்வாறே ஓடினார்களாம்; அஞ்சி விற்றவர் அழுதார், அஞ்சாமல் வாங்கியவர் வீட்டுக்காரர் ஆனார். போர் முடிந்ததும் ஓடியவர் திரும்பினர், புதியவரும் வந்தனர், வீடு கிடைப்பது அரிதாயிற்று. 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. நியாய வாடகை என்பது ஒன்று உண்டு என்றும், தக்க காரணமின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றலாகாது என்றும் அவை கூறின. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 வரையில் வழக்கில் இருந்தது.

சென்னை நகரத்தின் பெயர் தாங்கிய மற்றொரு சட்டத்தை நேயர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பிறர் மண்ணை வாடகைக்குப் பெற்று அதில் தம் செலவில் வீடு கட்டிக்கொண்டவர்கள் இங்கே பல்லாயிரவர். மண்ணுக்குக் கொடுப்பது அடிமனை வாடகை. மண்ணுடையவர் "எழுந்து போ" என்றால், கட்டிய வீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டா போவது? இந்த இக்கட்டைத் தீர்க்க வந்ததுதான் 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம். வெளியேறும்படி வழக்கு வந்தால் கட்டடத்துக்கு இழப்பீடு பெறலாம். அன்றி, மனையையே நீதிமன்றம் குறிக்கும் விலைக்குத் தனக்கு விற்கும்படி கேட்கலாம்.

1962-இல் என் தந்தையார் தண்டையார்பேட்டையில் ஒரு வீடு வாங்கினார். சுவரும் ஓடும் கதவும் எங்களுடையவை. மண் ஒரு கோயிலுடையது. கோயிலின் பெயர் இங்கு வேண்டா. மாதந்தோறும் அடிமனை வாடகையைச் செலுத்தி, இரசீதுகளை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்தார். அந்தப் பெட்டி இன்றும் என்னிடம் இருக்கிறது. வாடகை பாக்கி வைத்த அண்டை வீட்டார் சிலர்மீது வழக்கு வந்தது. அவர்கள் சட்டத்தைக் காட்டி மனையை விலைக்குக் கேட்டார்கள். வெற்றி பெற்றவரும் உண்டு. என் தந்தையார்மீது யாரும் வழக்குத் தொடுக்கவில்லை. ஒழுங்காகச் செலுத்துபவர்மீது எவர் தொடுப்பார்? வழக்கு வந்தாலன்றி அந்த உரிமை பிறவாது. ஆகவே, வாடகையை நாள் தவறாது கொடுத்த குற்றத்துக்காக அவர் மண்ணுக்கு உரியவர் ஆகாமலே காலமானார். 1996-இல் வந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை அச்சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. அதனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. விளக்கெரியவும் அமுது படைக்கவும் முன்னோர் விட்ட நிலம், கைமாறிக் கைமாறிக் கரைந்து போவது முறையன்று. எனினும், இரண்டு தலைமுறையாகக் குடியிருப்பவன் வீட்டை விற்கப் புகுந்தால் சுவருக்குத்தான் விலை கேட்கிறார்கள்; சுவருக்கு வயதாகிவிட்டது.

இடைக்காலத்தில் எங்கள் பக்கம் ஆலைகளால் நிறைந்தது. தீப்பெட்டிக் கும்பினி ஒன்றின் ஆங்கிலப் பெயரெழுத்துகளே விம்கோ நகர் என்று ஊராயின. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய சிறு கொட்டகை எம்.ஆர்.எஃப். என்னும் பெருந்தொழிலாயிற்று, 1955-இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் அசோக் லேலண்டும் வந்தன. தொழிலாளர் வந்தனர், குடிசைகள் பெருகின. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றி, அடுக்கு வீடுகளைக் கட்டிற்று. முதலில் குடிசை இருந்த இடத்திலேயே வீடு தருவதுதான் நோக்கமாயிருந்தது. நாளடைவில் நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைப்பது வழக்கமாயிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கியபோது வீடிழந்தவர்கள் திருவொற்றியூர்க் கார்கில் நகரில் தற்காலிகக் குடில்களில் இருந்தார்கள். பின்னர் அவர்களிற் பலர் நகரின் தென்கோடியில் உள்ள செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டனர். அங்கே கான்கிரீட்டுக் கூரை உண்டு. காசிமேட்டுக்கு விடியலில் வந்து சேர வழி இல்லை. படகோட்டிகளைக் கும்பினியார் பெயர்த்த தொலைவு, இதனை நோக்க, நடந்தே போய்வரும் தொலைவுதான்.

2021 பிப்ரவரி 14-ஆம் நாள், வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் வந்தது. நிலையங்களுள் ஒன்றன் பெயர் காலடிப்பேட்டை. மற்றொன்று திருவொற்றியூர் தேரடி. ஆலைப் புகையும் மழைநீரும் காரணமாக யாரும் விரும்பாதிருந்த எங்கள் பக்கத்தை இப்போது தரகர்கள் விரும்புகிறார்கள். "நிலையத்துக்கு ஐந்து நிமிட நடை" என்று வாசலில் அட்டை தொங்குகிறது. குடக்கூலி ஏறுகிறது, பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வழக்கமாகிவிட்டது. தேரடி என்ற பெயர் வீட்டு விலையை உயர்த்துகிறது. தேரை இழுத்தவர்கள் அந்த விலையைக் கொடுக்க முடியாமல் மணலிக்கும் மீஞ்சூருக்கும் அப்பால் போகிறார்கள்.

மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று ஒரு நாள் உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பியபோது, "இவ்வூரை விட்டுப் பிரியேன்" என்று சூள் உரைக்க வேண்டியதாயிற்று. சந்நிதியில் சத்தியம் செய்யும்போது இறைவன் அங்கே இராமல் மகிழமரத்தடிக்குப் போய்விட வேண்டுமென்று அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டார். இறைவனோ அதனைச் சங்கிலியாருக்குக் கனவில் சொல்லிவிட்டார். சத்தியம் மகிழமரத்தடியிலேயே நடந்தது. பின்னர் வேனிற்காலம் வந்து தென்றல் வீசவே, நாயனாருக்குத் திருவாரூரின் வசந்த விழா நினைவுக்கு வந்தது. தாங்க முடியவில்லை. புறப்பட்டார், திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததும் கண்ணொளி போயிற்று. சத்தியம் தவறியதற்கு ஒறுப்பு என்று பெரியோர் விளக்குவர். அவர் எதன் பொருட்டுத் தவறினார் என்பதையும் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. தம் ஊரில் விழா நடக்கும்போது வேற்றூரில் இருக்க அவரால் முடியவில்லை.

சென்ற மாசியில் மகிழடி சேவை பார்த்துவிட்டு ஓர் அம்மாள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். முன்பு எங்கள் தெருவில் இருந்தவர். சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரியில் இருக்கிறார். ஆண்டுதோறும் இந்நாளில் தவறாமல் வருவார். மோர் குடித்த பின், "அண்ணே, தேரடிப் பக்கம் ஓர் அறையும் சமையற்கட்டும் இப்போது என்ன வாடகைக்கு விடுகிறார்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முன்பணத்தையும் சொன்னேன். சற்று நேரம் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பிறகு பிரசாதப் பொட்டலத்தில் பாதியைப் பிரித்து என்னிடம் கொடுத்துவிட்டு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு நிலையத்தை நோக்கி நடந்தார்.