பணிதலின் விலை: ஒல்லாந்தர் காலக் கத்தோலிக்கரும் கொட்டாஞ்சேனையும்

இறைவனுக்குக் கீழ்ப்படிதல் என்னுங் கிறிஸ்தவக் கோட்பாடு பெரும்பாலும் ஆபிரகாமின் கதையைக் கொண்டே விளக்கப்படுகிறது. மகனைப் பலியிடக் கத்தியெடுத்த தந்தை, கட்டளையிட்ட இறைவன், ஒரு மலை. அக்கதையில் அரசும் இல்லை, காணித்தோம்பும் இல்லை. மலையடிவாரத்திற் கழுதையோடு நிறுத்தப்பட்ட வேலைக்காரர் இருவரையும் உரைகாரர் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆயின், வரலாற்றில் நிகழ்ந்த கீழ்ப்படிவை ஆராயப் புகும் நாம் அவ்வேலைக்காரரிடத்திருந்தே தொடங்க வேண்டியவராகின்றோம்.

1658ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி போர்த்துக்கேயரை ஈழத்தினின்றும் முற்றாக அகற்றியது. அவ்வாண்டிலேயே கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரணதண்டனை என்னும் கட்டளை பிறப்பிக்கப்பட்டது. தண்டனை குருவைக் குறிவைத்தது மட்டுமன்று, குருவுக்குக் கதவு திறந்தவனையுங் குறிவைத்தது என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. ஞானஸ்நானமும் விவாகமும் கம்பனியின் சீர்திருத்தத் திருச்சபையிற் பதியப்படல் வேண்டும், பதியப்படாத விவாகத்தின் பிள்ளைக்கு முதுசொம் உரிமையில்லை, உத்தியோகமும் அச்சபையினர்க்கே. குருவானவர் இல்லறமுங் காணியும் துறந்தவர்; இழப்பதற்கு அவரிடம் இருந்தது உயிர் ஒன்றே. குடியானவனோ வீடு, வளவு, பிள்ளையின் எதிர்காலம் யாவற்றையும் பணயம் வைத்தான்.

கோவாவைச் சேர்ந்த யோசே வாஸ் அடிகள் 1687இல் யோவான் என்னும் பணியாளனோடு மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்தனர். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிற் கூடியிருந்தோரை ஒல்லாந்தச் சேவகர் வளைத்துப் பிடித்தமையை அடிகளின் சபையார் எழுதிய குறிப்புகள் கூறுகின்றன. அடிகள் தப்பினார், பிடிபட்டோர் அபராதமும் சிறையும் கசையடியும் பெற்றனர். 1692இல் கண்டியை அடைந்த அடிகள் ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். பின்னர் பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவைப் பெற்று, 1711இல் அந்நகரிலேயே மறைந்தார். 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நத்தார் இரவிற் கசையடிபட்டோருக்கு எவ்விதப் பட்டமும் இல்லை.

இம்மக்கள் ஒல்லாந்தக் கோயிலிற் பெயரைப் பதிந்துவிட்டு, இரவில் மறைவாகப் பூசை கண்டனர். ஒல்லாந்தப் போதகர் இதனைப் பாசாங்கு என்றனர். கத்தோலிக்க வரலாற்றாசிரியர் சிலரும் இவ்விரட்டை வாழ்வைச் சங்கடத்தோடு கடந்து செல்வர். நாம் அவ்வாறு கருதவில்லை. 1544இல் மன்னாரிற் சங்கிலி மன்னனின் வாளுக்கு இரையானோரின் சாட்சியம் ஒருநாளில் முடிந்தது. ஒல்லாந்தர் காலத்துச் சாட்சியமோ ஏறத்தாழ நூற்றுநாற்பது ஆண்டுகள், ஒவ்வொரு பிறப்பிலும் ஒவ்வொரு மணத்திலும், புதிதாய்ச் செலுத்தப்பட்ட விலையாகும். நிலத்தைக் காத்துக்கொண்டே நம்பிக்கையைக் காப்பது உழைக்கும் மக்களுக்கு இயன்ற வழி.

பொருளியல் நலன் மட்டுமே மனிதரை இயக்குமெனின் இவர்கள் ஏன் முழுதாக மதம் மாறிவிடவில்லை? நம் நண்பருட் சிலர் இவ்வினாவை எழுப்புவதே இல்லை. கம்பனியின் சபை அவர்களுக்குத் தந்தது ஒரு பதிவேடு. தடைசெய்யப்பட்ட மதமோ, மூப்பரும் உபதேசியாரும் முன்னின்று நடத்திய, கம்பனியின் கணக்கிற்குட் படாத ஒரு கூட்டுவாழ்வைத் தந்தது. குரு ஆண்டுக்கொருமுறை வருவதே அரிதாயிருந்த ஊர்களில் அது தானே இயங்கிற்று. 1705இல் வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கம் இச்சூழலின் ஆக்கமே. (ஈழத்து உரைநடையை நாவலரிலிருந்து தொடங்குவோர் அதனை எங்கே வைப்பர்?) இக்கூட்டுவாழ்வு சமத்துவமானதென நாம் கூறவில்லை, சாதி அங்கும் இருந்தது.

கொழும்பில் இவ்வரலாற்றின் தடயங்களைக் கொட்டாஞ்சேனையிற் காணலாம். கம்பனி தன் வுல்வெண்டால் தேவாலயத்தை 1749இல் தொடங்கி 1757இற் கல்லாற் கட்டி முடித்தது. சட்டத்தின் கடுமை தளர்ந்துவிட்ட அக்காலத்தில், 1760 அளவில், கோவாக் குருமார் அதே பகுதியில் மரத்தாலான சிறு ஆலயமொன்றை அமைத்தனர். இன்றைய புனித லூசியா பேராலயத்தின் தொடக்கம் அதுவே. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலின் ஐதிகமோ, வணிகர் வேடத்தில் ஒளிந்து திரிந்த குருவானவரைப் பற்றியது. கரையைக் கடல் அரித்தபோது மீனவர் அவரிடம் முறையிட, அவர் சிலுவை நாட்டி வேண்டக் கடல் பின்வாங்கிற்று என்பர். அற்புதத்தின் உண்மையை ஆராய்தல் நமது நோக்கமன்று. அக்கதையிற் குருவை அடுத்து நிற்போர் கடலுக்குக் குடிசையைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தோர் என்பதே நம் கவனத்துக்குரியது.

1806இல் ஆங்கிலத் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். கீழ்ப்படிவுக்கு அதன்பின் விலையில்லாது போயிற்று. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் தாக்கினர். ஊர்வலத்தில் மாதாவை இழிவுபடுத்தும் உருவங்கள் வருகின்றன என்ற வதந்தியே போதுமாயிருந்தது. தாக்கியோரும் தம் விசுவாசத்துக்குப் பணிந்தே நடந்ததாக எண்ணியிருப்பர். விலையைச் செலுத்தியவர் வேறு. பௌத்தரின் முறைப்பாட்டை எடுத்துக்கொண்டு ஒல்கொட் 1884இல் இலண்டன் சென்றார். மறு ஆண்டு வெசாக் விடுமுறைநாளாயிற்று.