எல்லையில் முகமறியும் கருவியும் முறையீட்டு உரிமையும்: பினாங்கிலிருந்து ஒரு பார்வை

தமிழ்த் தொழிலாளர் மலாயாவுக்குள் நுழைந்த முதன்மை வாயில்களுள் ஒன்று பினாங்கு. கப்பலில் வந்தவர்களை ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி, உடலைச் சோதித்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. வருகிறவரின் உடலையே சான்றாகக் கொள்ளும் வழக்கம் ஒழியவில்லை. 2011 முதல் மலேசிய நுழைவாயில்களில் வெளிநாட்டவரின் கைரேகை பதிவாகிறது. தானியங்கி வாயில்கள் முகத்தை ஒப்பிடுகின்றன. 2019 ஜனவரியில் பினாங்கு மாநில அரசு, குற்றத் தடுப்புக்கென, கண்காணிப்புக் கேமராக்களிலும் முகமறியும் தொழில்நுட்பத்தை அறிமுகப்படுத்தியது.

இக்கருவிகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் பிழையைச் சுற்றியே நடக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, பல நிரல்கள் ஆசிய, ஆப்பிரிக்க-அமெரிக்க முகங்களை வேறொருவரின் முகத்தோடு தவறாகப் பொருத்தும் விகிதம் வெள்ளையரைவிட 10 முதல் 100 மடங்கு வரை கூடுதல். ஆயினும் பிழையே இல்லாத கருவியும் அநீதி செய்யும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் வெளிநாட்டவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டியவர் முதலாளி. அவர் புதுப்பிக்கத் தவறினால் பதிவேட்டில் சட்டவிரோதக் குடியேறியாவது தொழிலாளி. அந்த முகத்தைக் கருவி மிகச் சரியாகவே அடையாளம் காணும்.

அதன்பின் அவர் எங்கே முறையிடுவார்? இங்குதான் சட்டம் வெறுமையாக நிற்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்தச் சொல்லும் அரசியலமைப்பின் 5(4)ஆம் விதி, குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் பிடிபட்ட அந்நியருக்கு மட்டும் 14 நாள் அவகாசம் தருகிறது. அச்சட்டத்தின் 59ஏ பிரிவோ, அமைச்சரும் தலைமை இயக்குநரும் எடுக்கும் முடிவுகளை நீதிமன்றம் ஆராய்வதைத் தடுக்கிறது. நடைமுறை பின்பற்றப்பட்டதா என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே அதில் இடமுண்டு.

மனித அதிகாரியைவிட இயந்திரம் நேர்மையானது என்பார்கள். லஞ்சம் வாங்கி ஆட்களை உள்ளே விட்ட 'கவுன்டர் செட்டிங்' விவகாரங்களைப் பார்க்கும்போது அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆள்கடத்தலைத் தடுப்பதும் அரசின் கடமையே. ஆனால் அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஒருவரைச் சந்தேகத்துக்குரியவர் என்று நிரல் குறித்தால், அது எந்தத் தரவை எப்படி எடைபோட்டது என்பது பதிவாகாதவரை, 59ஏ விட்டுவைத்த அந்த ஒரே கேள்வியையும் கேட்க வழியில்லை. எஞ்சிய வாசலும் அடைபடுகிறது என்பதே என் வாதம்.

பிற நாடுகள் சும்மா இருக்கவில்லை. விசா விண்ணப்பங்களை நாட்டுரிமை பார்த்துத் தரம் பிரித்த நிரலை, வழக்குக்குப் பின் பிரிட்டன் 2020இல் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 சட்டம், எல்லைக் கட்டுப்பாட்டில் பயன்படும் பல செயற்கை நுண்ணறிவு முறைகளை உயர் அபாய வகையில் வைத்துள்ளது.

மலேசிய அரசியலமைப்பின் 8ஆம் விதி சட்டத்தின்முன் சமத்துவத்தைக் குடிமக்களுக்கு மட்டும் அல்ல, எல்லா மனிதருக்கும் உறுதி செய்கிறது. நிரலின் முடிவுக்கான காரணத்தை அவரவர் மொழியில் எழுத்தில் தருவதும் நடைமுறையின் ஒரு பகுதியே என்ற வாதத்தை, பினாங்கின் வழக்கறிஞர்களும் தொழிலாளர் அமைப்புகளும் நீதிமன்றத்தில் எழுப்ப வேண்டும்.